பிள்ளைப்புரைக்கு வரும் ஒரே அப்பா

முதலமடை
9 ஜூன் 2023

தம்பி டிஜோவுக்கு கத்தரீனாள் எழுதுவது.

போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாய், நான் மூன்றாம் வார்த்தையில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போடாதே.

ஜெஸ்னாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நான் வரவில்லை என்று அங்கே எல்லோரும் பேசியிருப்பார்கள். வந்திருந்தால் கல்லறைத் தோட்டத்து வாசலில் அன்று சொன்னதையே மறுபடியும் சொல்லியிருப்பேன். கட்டின பெண்டாட்டியை, என் தங்கச்சியை, காய்ச்சலோடு தேயிலைக் கொழுந்து கிள்ள அனுப்பினாய். அனுப்பவில்லை, அவளாகப் போனாள் என்று நீ சொன்னாய். அவளாகப் போனால் நீ தடுத்திருக்க வேண்டும். எலிப்பனிக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

சரி, அது போகட்டும். போகாது. ஆனால் இப்போது அதற்காக எழுதவில்லை.

சிலுவைராஜ் மாமா பொள்ளாச்சிக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்து போனார். நம் பெனிட்டா நீ ஓட்டுகிற கொழுந்து டிராக்டரில் உன் பக்கத்தில், மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம். ‘பிள்ள ஒரு சத்தம் போடல கத்தரீனா, மூட்டை மாதிரி இருந்துச்சு’ என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னும் மூன்று வயது ஆகாத பிள்ளை. அவளை என்னிடம் கொடு. இங்கே மழை குறைவு, அட்டை கிடையாது, ஆனை கிடையாது. என் வீட்டுக்காரர் மிக்கேலுக்கும் சம்மதம். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதற்காகத்தான் கேட்கிறேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். நான் அவள் பெரியம்மா.

பதில் எழுது.

கத்தரீனாள்


நீலமேடு எஸ்டேட், மேல் டிவிஷன்
27 ஜூன் 2023

மதினிக்கு டிஜோ எழுதுவது.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. எனக்கு உங்களைப் போல எழுத வராது. இது மூன்றாவது தாள்.

பெனியைத் தர முடியாது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டிராக்டரை விட்டு நான் இறங்கும்போது கூட இறங்க ஒருத்தி இருக்கிறாள். அவளும் இல்லையென்றால் நான் எங்கே இறங்கி என்ன செய்ய?

மாமா சொன்னது உண்மைதான். பிள்ளை பேசுவதில்லை. முன்பெல்லாம் ‘ஆனை, தண்ணி, இந்தா, போ’ என்று ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து ஒன்றுமில்லை. பசித்தால் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். டாக்டர் பார்த்தார். காதில் குறையில்லை, பொறுத்திருங்கள் என்றார்.

டிராக்டரில் பிள்ளையை ஏற்றக் கூடாது என்று பீல்டு ஆபீசரும் சொல்லிவிட்டார். அதனால் பேக்டரியில் மத்தியான ஷிப்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் போனபிறகு பக்கத்து வீட்டு செபமாலையம்மாள் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் காது மந்தம். பிள்ளையை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்துகொள்வார். லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கன்வாடி கீழ் டிவிஷனில் இருக்கிறது, வழியில் எந்நேரமும் ஆனை நிற்கிறது.

அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போவார்களே, நீங்களும் ஜெஸ்னாவும் சின்ன வயசில் இருந்த அந்தப் பிள்ளைப்புரை, அது பூட்டி வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது மறையூரிலிருந்து செல்வலட்சுமி என்று ஒருவர் வந்து அதைத் திறந்திருக்கிறார். ஏதோ சங்கத்து வேலை. புதனும் சனியும் காலையில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து விளையாட விடுகிறார். நானும் கொண்டுபோய் விட்டேன். ‘விட்டுட்டுப் போறதுக்கு இல்லண்ணே. நீங்களும் கூட உக்காரணும்’ என்றார். உள்ளே எல்லாம் பெண்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

டிஜோ


முதலமடை
10 ஜூலை 2023

தம்பி,

பிள்ளைக்கு விளையாடச் சொல்லிக் கொடுக்க மறையூரிலிருந்து ஆள் வர வேண்டுமா? நீயும் ஜெஸ்னாவும் நானும் யார் சொல்லிக் கொடுத்து விளையாடினோம்? லயத்தில் இறக்கிவிட்டால் விளையாடினோம்.

இதை எழுதிய பிறகு யோசித்தேன். இறக்கிவிட்டால் சேர்ந்து ஓட அன்றைக்கு வாசலுக்கு வாசல் பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே எங்கள் வீட்டைச் சுற்றியும் கண்ணுக்கு எட்டின மட்டும் மாமரம்தான். சீசன் இல்லாத மாதங்களில் ஒரு லாரிச் சத்தம்கூடக் கிடையாது. மிக்கேல் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான். ஆனால் நான் ஒருத்தி முழுக்க அவளோடு இருப்பேன். உன்னால் அது முடியுமா?

அவளுக்காக மேற்குப் பக்கத்து அறையைக் காலி செய்திருக்கிறேன். சின்னக் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. நீ தர முடியாது என்று எழுதின பிறகுதான் வாங்கினேன். அது என் பிடிவாதம்.

மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு வருகிறேன். நேரில் பேசுவோம்.

கத்தரீனாள்


நீலமேடு
3 ஆகஸ்ட் 2023

மதினிக்கு,

வாருங்கள். பேசுவோம்.

நான் பிள்ளைப்புரைக்குப் போகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். செபமாலையம்மாளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு புதன்கிழமை, வீட்டில் நானும் பெனியும் காலையிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். அவளைத் தூக்கிக்கொண்டு மழையோடு போய்விட்டேன்.

கதவை ஒட்டி உட்கார்ந்தேன். நான் உள்ளே வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சுடலைமணியண்ணன் மனைவி முருகேஸ்வரி இரட்டைப் பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பூல்மணி, அவள் கையில் பிர்சா என்று ஒரு பையன். அவளுக்குத் தமிழ் அரைகுறை. இன்னும் இரண்டு மூன்று பேர்.

செல்வலட்சுமி ஒன்றும் பாடம் நடத்துவதில்லை. பாயை விரித்து அலுமினியச் சட்டி, கரண்டி, சிரட்டை, ஒரு தொட்டித் தண்ணீர், பழைய துணி, இவற்றைப் பரப்பி வைத்துவிடுகிறார். ‘பிள்ள எங்க போகுதோ அங்க நீங்களும் போங்க. இதச் செய், அதச் செய்னு சொல்ல வேண்டாம். அது செய்யறத நீங்களும் செய்ங்க’ என்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது. பெனி ஒரு சிரட்டையை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நானும் ஒரு சிரட்டையை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மதினி, எனக்கு அவளைக் குளிப்பாட்டத் தெரிகிறது, ஊட்டத் தெரிகிறது. விளையாடத் தெரியவில்லை. அதையெல்லாம் ஜெஸ்னா செய்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை போனபோது முருகேஸ்வரி வாய்விட்டே கேட்டுவிட்டாள். ‘ஆம்பளையாளு இங்கன உக்காந்திருந்தா நாங்க எப்படிப் பிள்ளைக்குப் பால் குடுக்க?’ அவள் கேட்டதில் தப்பில்லை. எழுந்துவிட்டேன். செல்வலட்சுமி என்னைத் தடுக்கவும் இல்லை, அவளைக் கண்டிக்கவும் இல்லை. மூலையில் ஒரு சேலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ‘பால் குடுக்கறவுக அந்தப் பக்கம். அண்ணன் இந்தப் பக்கம்’ என்றார். அவ்வளவுதான்.

முடிகிற நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வந்திருக்கிற பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுகிறார்கள். பிறகு பெரியவர்களையும். ‘பெனி அப்பா வந்தாக’ என்று பாடினார்கள். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

டிஜோ


முதலமடை
19 ஆகஸ்ட் 2023

டிஜோவுக்கு,

உடுமலையில் பஸ் மாறி நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.

தலைவலி என்று சொல்லி மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். பிள்ளைப்புரைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள் மதினி என்று நீ கூப்பிட்டும் வரவில்லை. பிள்ளையைத் தா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். தலைவலி இல்லை. நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது ஒன்று நடந்தது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பெனி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் செபமாலையம்மாளிடம், அவருக்குக் காது கேட்காதே என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ‘அம்மா’ என்று ஒரு குரல். பிள்ளை ஓடி வருகிறாள். டிஜோ, ஓடி வந்தாள். பின்னாலிருந்து என் சேலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பினேன்.

என் முகத்தைப் பார்த்ததும் பிடியை விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் வாரி எடுத்திருப்பேன். சுவரோரமாகவே நடந்து போய்ப் பாயில் மறுபடி படுத்துக்கொண்டாள்.

எனக்கும் ஜெஸ்னாவுக்கும் ஒரே குரல் என்று அம்மா சொல்வாள். கல்யாணத்துக்கு முன்பு போனை யார் எடுத்தாலும் அப்பாவுக்குக் குழம்பும். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

இனி போன் செய்ய மாட்டேன். நீயும் செய்யாதே. இந்தக் குரல் அந்த வீட்டில் கேட்க வேண்டாம். அவளுக்குக் கொண்டுவந்த சட்டையை அலமாரியில் வைத்திருக்கிறேன். பெரிதாகத்தான் எடுத்தேன், அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

கத்தரீனாள்


நீலமேடு
4 செப்டம்பர் 2023

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் போனதிலிருந்து காலையில் எழுந்ததும் அடுக்களை வாசலில் போய் நிற்கிறாள். உள்ளே எட்டிப் பார்ப்பாள். திரும்பிவிடுவாள். எலியைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

செல்வலட்சுமியிடம் சொன்னேன். ‘தேடட்டும்ண்ணே, தேடறதுல தப்பில்ல. வீட்டுல அவுக பேரச் சொல்றீங்களா?’ என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து இந்த வீட்டுக்குள் ஜெஸ்னா என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்கு மத்தியானச் சோறு ஊட்டும்போது சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லியிருக்கலாம்.

போன் வேண்டாம் என்கிறீர்கள். சரி. எழுதுங்கள்.

டிஜோ


நீலமேடு
21 அக்டோபர் 2023

மதினிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மிக்கேல் அண்ணனிடம் போனில் கேட்டேன், நன்றாக இருக்கிறாள் என்றார்.

இன்றைக்கு நடந்ததை உடனே எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பெனிக்கு அந்தச் சின்ன ஈயக் கரண்டிதான் பிடிக்கும். பிள்ளைப்புரைக்குள் நுழைந்ததும் அதைத்தான் எடுப்பாள். பிர்சாவும் அவளும் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள், ஆனால் சேர்ந்து விளையாடுவதில்லை. இவள் பாட்டுக்கு இவள், அவன் பாட்டுக்கு அவன். இன்றைக்கு பிர்சா அந்தக் கரண்டியைப் பிடுங்கிவிட்டான். நான் எழுந்து வாங்கிக் கொடுக்கப் போனேன். செல்வலட்சுமி கையைக் காட்டி, பொறுங்கள் என்றார். பெனி அவனைப் பார்த்தாள். முகம் சிவந்தது. ‘என்னது!’ என்று ஒரு கத்து கத்தினாள். பிள்ளைப்புரை ஓடே பறந்துவிடும்போல. அவன் பயந்து கரண்டியைப் போட்டுவிட்டு அழுதான்.

‘பேசுதா! பெனியப்பா, உம்ம பிள்ள பேசுதா!’ என்று முருகேஸ்வரி எழுந்தேவிட்டாள். பூல்மணி தன் மகன் அழுவதை மறந்துவிட்டுக் கை தட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முருகேஸ்வரி ஒரு தம்ளர் கட்டன் சாயாவை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தாள். குடை, என்னது. செருப்பு, என்னது. நான் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டு நடந்தேன். உங்கள் தங்கச்சியிடம் சொல்ல வேண்டிய செய்தி. அவள் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

டிஜோ


முதலமடை
26 நவம்பர் 2023

தம்பி,

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மிக்கேலுக்கும் படித்துக் காட்டினேன். ‘என்னது’ என்று எப்படிக் கத்தியிருப்பாள் என்று அவர் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் மேற்குப் பக்கத்து அறை கண்ணில் படுகிறது, எழுந்துவிடுகிறேன்.

மாமரம் பூத்திருக்கிறது. மருந்தடி நடக்கிறது. வாசம் வீட்டுக்குள் வராமல் ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறேன். மருந்தடிக்கு வந்த குடும்பம் ஒன்று அடுத்த தோப்புக் கொட்டகையில் தங்கியிருக்கிறது. அந்தப் பெண் கோகிலவாணி, கோயமுத்தூர்ப் பக்கம். இடுப்பில் கைக்குழந்தை. மருந்துக் காற்றுக்குப் பயந்து ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ‘ஏனுங்கக்கா, ஏதாச்சும் பேசிட்டு இருங்க. பகலெல்லாம் ஒரு குரல் கேக்கறதில்லீங்க. எம்பட குரலே எனக்கு மறந்து போயிருமாட்ட இருக்குதுங்க’ என்றாள். என் குரல் ஒருத்திக்குத் தேவைப்படுகிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது.

இப்போது தினமும் வருகிறாள். நீ எழுதினபடியே பாயை விரித்துச் சட்டி, கரண்டி எல்லாம் பரப்பி வைக்கிறேன். அந்தக் குழந்தைக்குத் தவழக்கூடத் தெரியாது, மூடியை நக்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கிறிஸ்மஸுக்கு நான் வரவில்லை. பிள்ளை இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள், நான் வந்து கெடுக்க வேண்டாம்.

கத்தரீனாள்


நீலமேடு
12 ஜனவரி 2024

மதினிக்கு,

ரொம்ப யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைப்புரையை ஒழித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். டூரிஸ்டுகள் தங்க அறை கட்டப் போகிறார்களாம். செல்வலட்சுமி ஆபீசுக்கு மூன்று தடவை போய்ப் பேசிவிட்டு வந்தார். நடக்கவில்லை. போன சனிக்கிழமை கடைசி. அவர் வேறு இடம் பார்க்கிறேன் என்றார், ஆனால் எங்கே இருக்கிறது இடம்? செபமாலையம்மாளை அவர் மகன் சிவகாசிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பேக்டரியில் என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாளாக லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன். புல்லெல்லாம் உறைபனி, வெயில் வரும்வரை கதவைத் திறக்க முடியவில்லை. பெனி ஜன்னலில் நின்றுகொண்டு பிள்ளைப்புரைப் பக்கமே பார்க்கிறாள்.

நான் பிடிவாதம் பிடித்துப் பிள்ளையைத் தனியாக்கிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. நீங்கள் முதலில் கேட்டதுதான் சரி. பெனியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன். உங்கள் குரலும் பழகிவிடும். என்னிடம் இல்லாத எல்லாம் உங்களிடம் இருக்கிறது.

ஒன்று மட்டும். நான் கிளம்பும்போது அவளைத் தூங்க வைத்துவிடுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் வெளியே வர முடியாது.

டிஜோ


முதலமடை
14 பிப்ரவரி 2024

தம்பி,

இன்று சாம்பல் புதன். பெனியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசும்போது ஆடாமல் அசையாமல் நின்றாள். சாமியார் நல்ல பிள்ளை என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறாள்.

நீ போன அன்று தூங்கி எழுந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். போட்ட சட்டையைப் போட்டுக்கொள்கிறாள். பேச்சு நின்றுவிட்டது. கோகிலவாணி இருந்தால் அவள் குழந்தையாவது துணையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மருந்தடி முடிந்ததும் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. சொல்லிக்கொள்ள வந்தபோது நான் சந்தைக்குப் போயிருந்தேனாம். பாயைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நேற்று மத்தியானம் பெனியைப் பக்கத்தில் போட்டுப் படுத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘பேசு’ என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. ‘என்ன பேச?’ என்றேன். கண்ணைத் திறக்காமலே, ‘பேசு’ என்றாள். பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. பால்காரனைப் பற்றி, மாங்காயைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம். அவள் அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்தாள். நான் நிறுத்தினால் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுப்பாள். என் குரல் அவளுக்கு வேண்டும், என் முகம் வேண்டாம். அது பரவாயில்லை. ஜெஸ்னாவின் பெயரையும் சொன்னேன். ‘உங்க அம்மா ஜெஸ்னா என் தங்கச்சி. அவ செத்துப் போயிட்டா பெனி. அவளுக்கும் என் குரல்தான்’ என்றேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். அழுதாள். வாய்விட்டு, நன்றாக அழுதாள். நானும்தான்.

இன்று காலை வாசலில் உதிர்ந்து கிடந்த மாம்பிஞ்சுகளைப் பொறுக்கி வட்டமாக வைத்துக்கொண்டிருந்தாள். என்னடா இது என்றேன். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். ‘பிர்சா. முருகேசு அத்தை. அப்பா.’

வட்டத்தில் நான் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா?

கத்தரீனாள்


நீலமேடு
25 பிப்ரவரி 2024

மதினிக்கு,

கடிதத்தைப் பேக்டரியில் வைத்துப் படித்தேன். மிஷின் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் பெனியை உங்களிடம் விட்டது தெரிந்ததும் முருகேஸ்வரி வீட்டுக்கே வந்துவிட்டாள். சுடலைமணியண்ணனும் கூட வந்தார். ‘ஏன் பெனியப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா போயிரும்? ரெண்டோட மூணா எங்க வீட்டுல கெடக்க மாட்டாளா?’ என்று ஒரே சண்டை. கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை மதினி. அத்தனை மாதம் அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்திருந்தும் தோன்றவில்லை. பிள்ளைப்புரையைப் பூட்டியதும் அவர்களும் அதோடு போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சுடலைமணியண்ணன் ஷிப்டு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். காலை அவர், மத்தியானம் நான். நான் வேலைக்குப் போகும் நேரத்துக்குப் பிள்ளையை முருகேஸ்வரி பார்த்துக்கொள்வாளாம்.

செல்வலட்சுமி இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டு முன்னறையைக் காட்டினேன். ஜெஸ்னா படுத்திருந்த கட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துச் சுவரில் சாத்திவிட்டேன். நான் ஒருவனாகத்தான் பிரித்தேன், யாரையும் கூப்பிடவில்லை. இப்போது இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. போன சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பெயர் பாடும்போது, வராத பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் பாடினார்கள். நான் பிள்ளை இல்லாமல் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பெனியைத் திருப்பிக் கேட்கவில்லை. தந்தது தந்ததுதான். நீங்கள் நடந்ததை எழுதினீர்கள், அதனால் நானும் நடந்ததை எழுதினேன். அவ்வளவுதான்.

டிஜோ


முதலமடை
19 மார்ச் 2024

தம்பி,

வந்து சேர்ந்தேன். இங்கே சீசன் உச்சத்தில் இருக்கிறது. வாசலில் லாரிக்குமேல் லாரி. மிக்கேல் சாப்பிடக்கூட நின்று சாப்பிடுகிறார்.

பிள்ளையை நீ கேட்கவில்லை, நானாகத்தான் கொண்டுவந்து உன்னிடம் விட்டேன். இதை ஊரில் யார் கேட்டாலும் அப்படியே சொல். காய்ச்சலைப் பற்றி அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து நான் சொன்னதை இனி சொல்ல மாட்டேன். ஜெஸ்னா யார் தடுத்தும் நிற்கிறவள் இல்லை. எனக்குத் தெரியாதா அவளை.

சனிக்கிழமை உங்கள் பாயில் நானும் உட்கார்ந்தேன். பெரியவர்கள் பெயர் பாடும்போது ‘பெரியம்மா வந்தாக’ என்று முருகேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். அவள் வாய்த்துடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. பூல்மணி தன் ஊர்ப் பாட்டு ஒன்று பாடினாளே, ஒரு வார்த்தை புரியவில்லை. அவளும் எங்கேயோ இருக்கிற யாரையோ நினைத்துத்தான் பாடினாள் என்று மட்டும் தெரிந்தது.

நான் எப்படிக் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியாது. நீ ஜீப்புக்குச் சொல்லப் போயிருந்தாய். பெனி தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் கவனிக்காத நேரமாகப் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டு நழுவிவிடலாம் என்றுதான் எழுந்தேன். செல்வலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘சொல்லாமப் போகாதீங்கக்கா. அழுதாலும் பரவால்ல, சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா இனி யாரு எழுந்திருச்சாலும் அவ கதவையே பார்ப்பா’ என்றார்.

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். ‘பெனி, பெரியம்மா ஊருக்குப் போறேன். பஸ்ஸுல போறேன். உங்கம்மா ஆண்டுப் பூசைக்கு வருவேன்’ என்றேன். அவள் கெஞ்சினால் இருந்துவிடுவேன் என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கெஞ்சட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் சட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ‘சரி’ என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிர்சா தண்ணீரைத் தட்டிவிட்டான், இவள் அவனை ஏதோ திட்டினாள். நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன்.

மறையூர் வரை ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கே பஸ் நின்றபோது வெல்ல உருண்டை வாங்கினேன். வாங்கிவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு நகம் வளர்ந்திருக்கிறது, வெட்டிவிடு. சளி பிடித்தால் தலைக்கு ஊற்றாதே. அவள் பேசுவதையெல்லாம் எழுது. ஒரு வார்த்தையானாலும் எழுது.

வீட்டுக்கு வந்ததும் மிக்கேல், ‘பிள்ள அழுதாளா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘நல்லது’ என்றார். லாரிக்காரன் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கத்தரீனாள்